கரண்ட் வைத்த பக்கம்

என் மனைவிக்கு பைபாஸ் செய்துதான் ஆகவேண்டும் என்று முடிவான அன்று, அறுவை மருத்துவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அம்மாவோட இடது பக்க மார்பு ரத்தக்குழாயை எடுத்து இதயத்துல தைக்கப் போறோம்" என்றார்.

என் மனைவிக்கு இடது மார்பு கிடையாது. பல வருடங்களுக்கு முன் கட்டி வந்து அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். இல்லாத மார்புக்கு ரத்தக்குழாய் எங்கிருந்து வரும்? இவர் யாருடைய படத்தைப் பார்த்துப் பேசுகிறார்?

நான் வேலைக்காலம் முழுவதையும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் கழித்தவன். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் ஒன்று எழுதியிருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். திறந்து எண்ணாமல் நான் எதையும் வாங்கியதில்லை. அதனால் எனக்கு அங்கே நண்பர்கள் குறைவு, புகார்களும் குறைவு. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குப் பெட்டிகள் இல்லை, ஆனால் எண்ணுவது நிற்கவில்லை. அன்று அந்த மருத்துவரின் அறைக்கு வெளியே நாற்காலிகள் பதினாறு, அதில் கால் ஆடுபவை மூன்று. மருத்துவரின் மேசை மேல் பிளாஸ்டிக்கில் செய்த மார்புக்கூடு ஒன்று இருந்தது. அவர் என் மகனிடம் அடைப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது நான் அதன் விலா எலும்புகளை எண்ணினேன். வலது பக்கம் பன்னிரண்டு. இடது பக்கம் பதினொன்று. திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான்.

"டாக்டர், இதுல ஒரு எலும்பு குறையுது."

"அப்பா!" என்றான் மகன். அவன் ரிங் ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அங்கே யாரும் எதையும் எண்ணுவதில்லை போலிருக்கிறது.

மருத்துவர் பேனா முனையால் மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே போனார். கோலார் பக்கத்துக்காரர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "அட, ஆமா சார். கீழ கடைசி எலும்பு விழுந்துடுச்சு. இத்தன வருஷமா இத வெச்சித்தான் பசங்களுக்குப் பாடம் எடுக்கறேன், ஒருத்தனும் சொல்லல."

"உங்க கண்ணுலயும் படலயே."

"பேஷண்டுக்கு எண்ணிட்டே கை வெக்கறேன் சார், போதுமா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு முதல் மாடி. படிகளின் நடுவில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பாள். மூச்சு வாங்குவதை மறைக்க அவள் கண்டுபிடித்த வழி அது. இதயத்துக்கு முன்பக்கமாக இறங்கும் முக்கியமான குழாய் அநேகமாக மூடிவிட்டது, இன்னும் இரண்டில் பாதிக்கு மேல் அடைப்பு என்று படம் சொன்னது. முன்குழாய்க்கு எதைத் தைக்கிறார்கள் என்பதில்தான் அவளுடைய மீதிக் காலம் இருக்கிறது என்று மருத்துவரே சொன்னார். காலிலிருந்து எடுக்கும் ரத்தநாளம் சில வருடங்களில் அடைத்துக்கொள்ளக்கூடும், மார்பிலிருந்து எடுப்பது நின்று உழைக்கும் என்றார். அதனால்தான் நான் விடவில்லை.

"இடது மார்பையே எடுத்தாச்சு டாக்டர். அப்புறம் அதோட குழாய் மட்டும் எப்படி இருக்கும்?"

அவர் கூட்டைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். காறை எலும்புக்குக் கீழே ஓடும் பெரிய குழாயிலிருந்து பிரிந்து, விலா எலும்புகளுக்குப் பின்னால், நெஞ்செலும்பின் ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள் நேராக இறங்குகின்றன. ஆறாவது இடைவெளி வரை வந்து ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது. வழியில் ஒவ்வொரு விலா இடைவெளியிலும் கிளை விடுகிறது. அந்தக் கிளைகள் முதுகுப் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வரும் கிளைகளோடு போய்ச் சேர்கின்றன. சில கிளைகள் மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே மார்புக்கு வருகின்றன. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இடைவெளிகளில் வருபவை பெண்களுக்குச் சற்றுப் பெரியவை. மார்புக்கு ரத்தம் இந்த வழியில் மட்டும் வருவதில்லை. அக்குளிலிருந்து விலாப்பக்கமாக இறங்கும் ஒன்று, தோள்பட்டைப் பக்கம் மேலிருந்து ஒன்று, முதுகிலிருந்து சுற்றி வருபவை சில.

"ஆபரேஷன்ல மார்பை எடுக்கறப்ப வெளிய வர்ற கிளையத்தான் கட்டுவாங்க சார். மெயின் பைப்பு சுவத்துக்கு உள்ள இருக்கு. வாசல்ல இருக்கற கொழாயக் கழட்டினா சுவத்துல இருக்கற பைப்பு போயிடுமா?"

"அப்ப அதுக்கு எதுக்கு மார்பு ரத்தக்குழாய்னு பேரு?"

"பேரு வெச்சவன் வெச்சிட்டுப் போயிட்டான்."

இதுதான் எனக்குப் பிடிக்காத பதில். எங்கள் மொழியிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. மார்பு என்றால் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இன்னொன்று, எலும்புக்கூட்டுக்கு வேறொன்று. என் மனைவி எலும்பைச் சொல்லும்போது நெஞ்சு என்பாள். மற்றதை மாரு என்பாள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள்.

"சரி, இதை எடுத்துட்டா முன்பக்க எலும்புக்கு யாரு ரத்தம் குடுப்பாங்க?"

"பின்னாலேருந்து வர்றது பாத்துக்கும்."

"இன்னொருத்தர் பாத்துக்குவாருன்னு சொன்ன ஆபீஸ்ல எந்த வேலையும் நடந்து நான் பாத்ததில்ல டாக்டர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். என் மகன் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "நீங்க உள்ள வராம இருந்தா நல்லாருக்கும்ப்பா" என்றான். பிறகு அவன் மட்டும் திரும்ப உள்ளே போய் மருத்துவரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தான். என்ன பேசினாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். ஒன்றுமில்லாததற்கு யாரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதில்லை.

மருத்துவமனையில் சேர்த்த அன்று, பழைய நோய் விவரங்களை எழுதிக்கொள்ள ஒரு இளம் மருத்துவர் வந்தாள். வடகர்நாடகப் பக்கத்துப் பெண். கன்னடமும் புதிதாகக் கற்ற தமிழுமாகக் கலந்து பேசினாள். என் மனைவியை அஜ்ஜி என்றாள், என்னைத் தாத்தா என்றாள். அந்த நேரம் பார்த்து என்னைக் கீழே ரத்த வங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். ஓக்கலிபுரத்து வீட்டைக் காலி செய்தபோது பழைய ஆபரேஷன் காகிதங்கள் எல்லாம் தொலைந்துபோயின. ஆகவே என் மனைவி வாயால் சொன்னதுதான் விவரம். நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண் எழுதி முடித்துவிட்டு, என் மனைவியின் கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் கையைத் தடவுவது எனக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை.

"என்னா கேட்டாங்க?"

"எல்லாந்தான் கேட்டாங்க. சுகரு இருக்கா, பிரஷர் இருக்கா, மாரு எப்ப எடுத்தாங்க. ரேடியேஷன் குடுத்தாங்களான்னு கேட்டாங்க, இல்லன்னேன். நல்ல பொண்ணுங்க."

ரேடியேஷன் என்ற சொல் என் காதில் விழுந்தது. விழுந்து அப்படியே போய்விட்டது. அப்போது என் கவனமெல்லாம் அவளுடைய கைப்பட்டையில் எழுதியிருந்த வயது சரியா என்பதில் இருந்தது. வயது சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில், இட்லி சாப்பிட்டு முடித்த வேளையில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லாத ஒரு மருத்துவர் வந்தார். நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல உட்கார்ந்தார். மருத்துவமனையில் அவசரம் இல்லாத மருத்துவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அம்மா, ராத்திரி நல்லா தூக்கம் வருதா?"

"இவரு கொறட்ட விடாத அன்னிக்கி வரும்."

"மனசு எப்படி இருக்கு? அழணும்னு தோணுதா?"

"பல்லு வலிச்சப்ப அழுதேன்."

"யாருமே இல்லாதப்ப காதுல யாராவது பேசற மாதிரி இருக்குமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இருக்கற ஆளு பேசறதுக்கே காது பத்தலீங்க. கல்யாணமான நாள்லேருந்து கணக்குச் சொல்லிட்டே இருக்காரு. பால்காரன் ஊத்தினது கம்மி, மாடிப்படி ஒண்ணு ஒசரம் ஜாஸ்தி, கேஸுக்காரன் ரெண்டு தடவ மணி அடிச்சான்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். இதயத்துக்குச் சேர்த்தவளிடம் மனநோய்க் கேள்விகளை எதற்குக் கேட்கிறார்கள்? ஆபரேஷனில் ஏதாவது தவறினால் நோயாளிக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லிக்கொள்ளவா? அல்லது என் மகன் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது இதுதானா? அவர் எழுந்து போனதும் நானும் பின்னாலேயே போய் லிப்ட் அருகே பிடித்துக்கொண்டேன்.

"உங்களை யாரு அனுப்புனது?"

"ரொட்டீன்தான் சார். அம்மாவுக்கு முன்னாடி ஷாக் ட்ரீட்மென்ட் குடுத்திருக்காங்க இல்லையா? மயக்க மருந்துக்கு முன்னால ஒரு தடவ பாத்துடலாம்னு சொன்னாங்க."

"ஷாக்கா? யாருக்கு?"

"உங்க மிஸஸுக்கு."

அதன்பிறகு அவர் சொன்னது எதுவும் என் தலையில் ஏறவில்லை. ஆள் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். சீட்டு ஒன்று, பெட்டி ஒன்று. எங்கோ ஒரு கட்டிலில் புத்தி பேதலித்து ஷாக் வாங்கிய ஒரு கிழவி இருக்கிறாள், அவளுடைய விவரம் என் மனைவியின் பெயரில் வந்திருக்கிறது. அப்படியானால் என் மனைவியின் விவரத்தை வைத்துக்கொண்டு யாருடைய நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள்? ஆறு கட்டில்கள் உள்ள அந்த வார்டில் ஐந்து கைப்பட்டைகளையும் நானே படித்துப் பார்த்தேன். ஆறாவது கட்டிலில் இருந்த அம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "யாருப்பா நீ?" என்று சத்தம் போட்டுவிட்டாள். நர்ஸ் ஓடிவந்தாள். பின்னாலேயே அந்த இளம் மருத்துவரும் வந்தாள்.

"தாத்தா, ஏனாயித்து? என்ன ஆச்சு?"

"என் சம்சாரத்துக்கு எப்பம்மா ஷாக் குடுத்தாங்க? எந்த ஆஸ்பத்திரியில? யாரு சொன்னது உனக்கு?"

"அஜ்ஜியே சொன்னாங்க தாத்தா. வேற ஏதும் ட்ரீட்மென்ட் ஆச்சான்னு கேட்டேன். கரண்ட் வெச்சாங்கன்னு சொன்னாங்க."

கரண்ட்.

எங்கள் வீட்டில் அந்தச் சிகிச்சைக்கு அதுதான் பெயர். எங்கள் வீட்டில் மட்டுமல்ல. மார்பை எடுத்த பிறகு அவளைத் தினமும் கூட்டிப்போன அந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்த மொழிக்காரர்கள் உட்கார்ந்திருந்தாலும் எல்லோருக்கும் அது கரண்ட்தான். உங்களுக்கு எத்தனை கரண்ட், எனக்கு இன்னும் பாக்கி கரண்ட் எத்தனை என்றுதான் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் மின்வெட்டில் மெஷின் நின்றுபோய் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "கரண்ட் இல்லாததால கரண்ட் வெக்கல" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்பதால் எனக்கு நினைவிருக்கிறது. ரேடியேஷன் என்ற சொல் எனக்குத் தெரியும். அவளுக்கு அது யாரோ வேறு நோயாளிகளுக்குக் கொடுப்பது. அவளுக்கு வைத்தது கரண்ட். கேட்ட கேள்விக்கு அவள் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள்.

"மூளைக்கு இல்லம்மா. மாருக்கு. மார எடுத்தப்புறம் அந்த எடத்துல வெச்சது. நீ கேட்ட ரேடியேஷன் அதுதான்."

"ஹௌதா, அப்படியா?" என்றவள் என் மனைவி பக்கம் திரும்பினாள். "அஜ்ஜி, கரண்ட் எல்லி? எந்தப் பக்கம்?"

என் மனைவி சுற்றிலும் பார்த்துவிட்டு, முந்தானையின் மேல் நெஞ்செலும்பின் நடுவில் கையை வைத்து இடது பக்கமாக அக்குள் வரை இழுத்துக் காட்டினாள். அவள் காட்டிய இடத்துக்கு நேர் பின்னால்தான், ஒரு விரல் தள்ளி, அந்தக் குழாய் இறங்குகிறது. மேசை மேலிருந்த பிளாஸ்டிக் கூட்டில் நான் பார்த்திருந்தேன்.

இளம் மருத்துவரின் முகத்திலிருந்து பேத்திக் களை போய்விட்டது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். என் மனைவி என்னைக் கேட்டாள்: "அப்ப அந்த டாக்டரு என்னப் பைத்தியம்னா நெனச்சாரு?"

"ஆமா."

"நான் சொன்னதெல்லாம் வேற எழுதிக்கிட்டாரே."

அன்று மாலை அறுவை மருத்துவர் தானே வார்டுக்கு வந்தார். முதல் நாளைய சிரிப்பு முகத்தில் இல்லை. "நானும் கேட்டிருக்கணும் சார்" என்று ஆரம்பித்தார். கரண்ட் பட்ட இடத்தில் ரத்தக்குழாய் சிலருக்குச் சுருங்கிப்போகும், சுற்றியுள்ள சதை ஒட்டிக்கொள்ளும் என்றார். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லையாம். "உள்ள போயி கைல எடுத்தப்ப தெரிஞ்சிருக்கும். ஆனா நெஞ்சத் தெறந்து வெச்சிக்கிட்டு யோசிக்கறதவிட இப்பவே யோசிக்கறது நல்லதில்லையா?" மருந்து செலுத்தி, அந்தக் குழாய்களை மட்டும் பார்க்க ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் படத்தை எனக்குக் காட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இந்தமுறை மகனே எனக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினான் என்பதும் அன்று மருத்துவர் சொல்லித் தெரிந்தது. "அப்பாவுக்குக் கஷ்டமான விஷயம் எதையும் நேரா சொல்லாதீங்க, என்கிட்ட சொல்லுங்க" என்றிருக்கிறான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அது வேறு விஷயம்.

திரையில் நெஞ்செலும்பின் இரு புறமும் இரண்டு வெள்ளைக் கோடுகள். வலது கோடு மேலிருந்து ஆறாவது இடைவெளி வரை ஒரே சீராக இறங்கியது. இடது கோடு மேலே சரியாக இருந்தது. இரண்டாவது இடைவெளி தாண்டியதும் மெலிந்தது. மூன்றாவதுக்குக் கீழே நூல்போல ஆகி, அங்கங்கே விட்டுவிட்டுத் தெரிந்தது. நான் விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனேன். மருத்துவர் தடுக்கவில்லை.

"இதத் தெச்சிருந்தா?"

"தெச்சிருக்க மாட்டேன் சார்" என்றார். நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முன்குழாய்க்கு வலது பக்கத்திலிருந்து எடுப்பதாகவும், மற்ற இரண்டுக்கும் காலின் ரத்தநாளம் என்றும் முடிவானது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. அதையும் என்னிடமே நேராகச் சொன்னார். வலது பக்கக் குழாயை எடுத்துவிட்டால் நெஞ்செலும்புக்கு முன்பக்க ரத்தம் இடது பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். அதுவோ நூலாக இருக்கிறது. அவளுக்குச் சர்க்கரையும் உண்டு. அறுத்துச் சேர்த்த எலும்பு கூடாமல் போகலாம், புண் ஆறாமல் இழுக்கலாம். குழாயை மட்டும் தனியாக உரித்தெடுத்து, சுற்றியுள்ளதை அப்படியே விட்டுவிடப் பார்ப்பதாகச் சொன்னார்.

"அப்ப பின்னாலேருந்து வர்றதுதான் பாத்துக்கணும்" என்றேன்.

"ஆமா சார். இந்தத் தடவ நானும் அத நம்பித்தான் இருக்கேன்."

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் அவளுடைய தாலி, தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். கடைசியாக என் மனைவியே தன் கையால் ஒரு துணிப்பையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். என் பழைய வேட்டித் துணியில் தைத்தது, உள்ளே பஞ்சும் கனத்துக்குக் கடுகும். மார்பை எடுத்த பிறகு அவளே செய்துகொண்டது. ரவிக்கையின் இடது பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும், கையில் வாங்கியது அதுவே முதல் தடவை. கொஞ்சம் சூடாக இருந்தது.

"பையன்கிட்ட குடுத்துடாதீங்க. தொலச்சிடாதீங்க. எண்ணிட்டு உக்காராதீங்க."

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சட்டைப்பைக்குள் கையை விட்டு அந்தத் துணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். துணிக்குள் கடுகு விரல்களுக்கடியில் நழுவிக்கொண்டே இருந்தது. மகன் காபி வாங்கிவந்து கொடுத்தான். சட்டைப்பையில் என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

அறுவை மருத்துவர் வெளியே வந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "வலது பக்கத்துக் குழாய் நல்லா ஓடுது சார். ரத்தம் போறத அளந்து பாத்துட்டுத்தான் மூடினேன்." பிறகு, நான் கேட்பதற்கு முன்பே, "எலும்பு இருவத்தி நாலும் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் என் சந்தேகம் போகவில்லை. மாடிக்கு அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். நடு நெஞ்சில் மேலிருந்து கீழாக இறங்கிய தையல் முழுதும் காய்ந்துவிட்டது, அடிமுனையில் இடது பக்கமாக ஓரிடம் மட்டும் ஈரமாகவே இருந்தது. கட்டு மாற்ற வந்த நர்ஸ் ஒவ்வொரு முறையும், "பரவால்ல, ஆறிடும்" என்றாள். பரவாயில்லை என்பவர்கள் யாரும் உற்றுப் பார்த்துச் சொல்வதில்லை. நான் உற்றுப் பார்த்தேன். இருமும்போது எலும்பு நகரும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். ஈரம் காசளவு இருந்தது, மிளகளவு ஆனது, ஒருநாள் பஞ்சு ஒட்டாமல் வந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. குப்பையில் போட மனமில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

கையைத் தூக்கக் கூடாது, எதையும் இழுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மருமகள் வேலைக்குப் போய்விடுவாள். பரிசோதனைக்குப் போகவேண்டிய நாளில் ரவிக்கை மாட்டிவிட நான்தான் இருந்தேன். மார்பை எடுத்த நாளிலிருந்து அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் புடவை மாற்றுவாள். அன்று சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு, நின்று பயனில்லை என்பதுபோல, என் பக்கம் திரும்பினாள்.

பழைய தழும்பு அக்குளிலிருந்து சரிந்து வந்தது. புதிய தழும்பு நடுவில் நேராக இறங்கியது. கரண்ட் வைத்த இடம் மட்டும் தோல் கொஞ்சம் கறுத்து, வழவழவென்று, எலும்போடு ஒட்டி இருந்தது. இரண்டு தழும்புகளும் சேரும் என்று எதிர்பார்த்தேன். சேரவில்லை. நடுவில் ஒரு விரல் இடம் இருந்தது. துணிப்பையை அதன் இடத்தில் வைத்துவிட்டு, கொக்கிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக மாட்டினேன். நான் அவசரப்படவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை.

"என்னா, எண்ணி முடிச்சாச்சா?"

"ஒரு கொக்கி கொறையுது."

"அது போன தீபாவளிக்கே போச்சு. ஊக்கு எடுத்துக் குத்துங்க. பாத்துக் குத்துங்க, உள்ள கடுகு இருக்கு."